குத்திய கை யாருடையது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் ஓங்கி நிற்பது தெய்வத்தின் ஆற்றலா, மனிதரின் ஆற்றலா என்பது தலைப்பு. தெய்வமே என்று பேசிய எதிரணி அம்மையார், சோஃபக்ளீஸ் எழுதிய நாடகத்தின் நாயகனான தீப்ஸ் அரசன் ஈடிபஸைக் காட்டினார். "தகப்பனைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று டெல்ஃபி கோயிலில் அப்பல்லோ தெய்வம் சொன்னார், நடந்தது. அப்புறம் மனிதனுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மா, யாரென்று தெரியாமல் அவன் தகப்பன் லாயஸைக் கொன்றதும் தாய் ஜொகாஸ்டாவை மணந்ததும் நாடகம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்து முடிந்தவை. மேடையில் சோஃபக்ளீஸ் காட்டுவது ஒரு விசாரணையை. தீப்ஸ் நகரில் கொள்ளைநோய். பழைய அரசன் லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்துத் தண்டியுங்கள் என்பதுதான் அப்பல்லோவின் கட்டளை. நீ யார் பெற்ற பிள்ளை என்று தோண்டிப் பார்க்கச் சொல்லவில்லை. குறி சொல்லும் டைரீசியஸ் வாய் திறக்க மறுக்கிறார்; ஈடிபஸ் விடவில்லை. உண்மை புரிந்துவிட்ட ஜொகாஸ்டா, உயிர்மேல் ஆசை இருந்தால் இதோடு நிறுத்து என்று கெஞ்சுகிறாள், அப்போதும் விடவில்லை. கடைசியில் வருகிறான், அவன் பிறப்பின் ரகசியம் தெரிந்த கிழட்டு இடையன். சொல்லக் கூடாததைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேனே என்று நடுங்குகிறான். நானும் அதைக் கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டேன், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும் என்கிறான் ஈடிபஸ். எந்தத் தெய்வம் அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது?

அப்புறம் அந்தக் கண்கள். ஜொகாஸ்டாவின் உடையில் இருந்த பொன் ஊசிகளைப் பிடுங்கிக் குத்திக்கொள்கிறான். பார்வை போகும் என்று டைரீசியஸ் முன்பே சொன்னாரே என்பீர்கள். சொன்னார், மறுக்கவில்லை. ஆனால் ஈடிபஸின் வாக்குமூலம் என்ன? இத்தனை துயரத்தையும் கொண்டுவந்தவர் அப்பல்லோ. குத்திய கை மட்டும் என் கை. பழி முழுவதையும் அப்பல்லோ தலையில் போட நல்ல வாய்ப்பு இருந்தும் அவன் போடவில்லை.

சரி, கி.மு. 428-இல் அரங்கேறிய யூரிப்பிடீஸின் 'ஹிப்போலிட்டஸ்'? அது எதிரணிக்குப் பலமான நாடகம்தான். என்னை மதிக்காத ஹிப்போலிட்டஸை இன்றே அழிப்பேன் என்று காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி தொடக்கத்திலேயே வந்து சொல்லிவிடுகிறாள். ஆனால் அவனைக் கொன்ற சாபம் தகப்பன் தீசியஸின் வாயிலிருந்து வந்தது. ஹிப்போலிட்டஸ் தன்னைக் கெடுத்தான் என்று பொய்யாக எழுதிவைத்துச் செத்துப்போன மனைவியின் கடிதத்தைப் படித்தான், மகனைச் சபித்தான், விசாரணை கிடையாது. அதற்காக அவனைக் கண்டிப்பவள் ஆர்டெமிஸ், ஒரு தெய்வம்! எல்லாம் தெய்வச் செயல் என்றால் மனிதனை ஏன் கண்டிக்க வேண்டும்? சாவைப் பார்ப்பது எங்களுக்கு ஆகாது என்று, உயிர் பிரியும் நேரத்தில் அவளும் கிளம்பிவிடுகிறாள். அப்பாவை வெறுக்காதே என்று புத்தி சொல்லிவிட்டுத்தான் போகிறாள். ஆனால் மன்னிக்க வேண்டியவன் குற்றுயிராகக் கிடக்கும் மகன்; மன்னிக்கிறான்.

கடைசியாக ஏஸ்கிலஸின் 'யூமெனிடீஸ்', கி.மு. 458. தாயைக் கொன்ற ஒரெஸ்டீஸைப் பழிதீர்க்கும் தெய்வங்களான எரினீஸ் துரத்துகிறார்கள். வழக்கு ஏதென்ஸின் காவல் தெய்வம் அதீனாவிடம் வருகிறது. அவள் தனியாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஏதென்ஸ் குடிமக்களைப் பொறுக்கியெடுத்து, அரியோபாகஸ் குன்றில் நீதிமன்றம் அமைக்கிறாள். தானும் ஒரு வாக்குப் போடுகிறாள். சமமானால் விடுதலை என்கிறாள். எண்ணிப் பார்த்தால் சமம். குற்றம் சாட்டியவர்களும் தெய்வங்கள், ஒரெஸ்டீஸுக்கு வக்கீலாக வந்த அப்பல்லோவும் தெய்வம். இத்தனை பேரும் சாதாரணக் குடிமக்கள் முன்னால் நின்று வாதாடிய இந்த நாடகத்தை எதிரணி ஏன் தொடவே இல்லை? அடுத்துப் பேச வருபவர் அதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.