லக்சுரி எஸ்யூவில ஏர் சஸ்பென்ஷன் தேவையா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க

வணக்கம் மக்களே. பெரிய எஸ்யூவி புக் பண்ணப் போற எல்லாருக்கும் ஆப்ஷன் லிஸ்ட்ல ஒரு இடத்துல கை நின்னுடும், அடாப்டிவ் ஏர் சஸ்பென்ஷன், போடலாமா வேணாமா. சேல்ஸ்ல கேட்டா மிதக்குற மாதிரி போகும் சார்னு சொல்லுவாங்க, ஒர்க்‌ஷாப்ல கேட்டா அந்தப் பக்கமே போகாதீங்கன்னு சொல்லுவாங்க. ரெண்டு பேரும் பாதி விஷயத்ததான் சொல்றாங்க.

[திரையில்: ஒரு சக்கரத்தோட குறுக்குவெட்டுப் படம், ஸ்பிரிங் ஒரு நிறம், டேம்பர் ஒரு நிறம்]

முதல்ல இந்தப் படத்தப் பாருங்க. வண்டியோட வெயிட்டத் தாங்குறது ஸ்பிரிங். பள்ளத்துல இறங்கி ஏறுன பிறகு வண்டி ஆடிக்கிட்டே இருக்காம அடக்குறது டேம்பர், நாம ஷாக் அப்சார்பர்னு சொல்றோமே அதுதான். ஏர் சஸ்பென்ஷன்ல மாறுறது ஸ்பிரிங் மட்டும், இரும்புச் சுருள் இருந்த இடத்துல காத்து அடைச்ச ரப்பர் பை வந்துடுது. ரோட்டுக்கு ஏத்த மாதிரி கண்ணிமைக்குற நேரத்துல கெட்டியாவும் இளக்கமாவும் மாறிக்கிற வேலை எலக்ட்ரானிக் டேம்பரோடது, அதுக்கு காத்துப் பையே தேவையில்ல, இரும்பு ஸ்பிரிங்கோடவும் அது வரும். 2023ல புதுப்பிச்ச போர்ஷே கயென் பேஸ் வண்டியில இரும்பு ஸ்பிரிங்கும் எலக்ட்ரானிக் டேம்பரும் ஸ்டாண்டர்டு, ஏர் சஸ்பென்ஷன்தான் ஆப்ஷன். அதுல இன்னொண்ணும் பண்ணாங்க, முன்னாடி காத்து அடைக்க 3 அறை இருந்த ஏர் ஸ்பிரிங்க, அதாவது அந்தக் காத்துப் பைய, 2 அறையாக் குறைச்சுட்டு, டேம்பர்ல அமுங்குறதுக்கு ஒரு வால்வு விரியுறதுக்கு ஒரு வால்வுன்னு தனித்தனியாக் குடுத்தாங்க. சொகுசு எங்க இருந்து வருதுன்னு அவங்க நினைக்கிறாங்கன்னு இதுலயே தெரியுது பாருங்க.

அப்போ காத்துப் பை எதுக்கு? லோடுக்கு. இங்கதான் அது நிஜமாவே கெட்டிக்காரத்தனமான சாமான்.

இரும்பு ஸ்பிரிங்க டிசைன் பண்றவருக்கு ஒரு தலைவலி இருக்கு, 7 பேரும் லக்கேஜும் ஏறுனாலும் தாங்கணும்னு கெட்டியா வெச்சா ஒருத்தர் தனியாப் போறப்போ தூக்கிப் போடும், தனியாப் போறவருக்காக இளக்கி வெச்சா ஃபுல் லோடுல பின்பக்கம் உக்காந்துடும், அப்புறம் சின்னப் பள்ளத்துலயே கடைசி வரைக்கும் அமுங்கி டம்முனு அடிக்கும். ஏர் ஸ்பிரிங்ல என்ன நடக்குதுன்னா, சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்குற ஹைட் சென்சார் வண்டி இறங்கிட்டதப் பாத்து கம்ப்யூட்டருக்கு சொல்லுது, கம்ப்ரசர் காத்து ஏத்துது, உயரம் பழைய இடத்துக்கு வந்துடுது. வெறும் உயரம் மட்டும் இல்ல, பைக்குள்ள பிரஷர் ஏறுனதும் ஸ்பிரிங்கோட கெட்டித்தனமும் கிட்டத்தட்ட லோடு கூடுன அளவுக்கே கூடிடுது. அதனால வண்டி மேலயும் கீழயும் போய் வர்ற வேகம் காலியா இருந்தாலும் ஃபுல்லா இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். டிரெய்லர் இழுக்குறவங்களுக்கு இது பெரிய விஷயம், பின்பக்கம் தொங்காது, ஹெட்லைட் எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்காது.

அடுத்தது உயரத்த மாத்துறது. ரேஞ்ச் ரோவர் 1990கள் தொடக்கத்துலயே எலக்ட்ரானிக் ஏர் சஸ்பென்ஷன் கொண்டு வந்துச்சு, அந்த வண்டிக்கு இது வெறும் சொகுசு ஐட்டம் இல்ல, கல்லு மண்ணுல ஏறணும், ஹைவேல நிதானமாவும் போகணும், ரெண்டையும் ஒரே வண்டி செய்யணும். இப்போ நிறைய எஸ்யூவில ஸ்பீடு கூடக் கூட வண்டி தானா கொஞ்சம் இறங்கும், காத்து எதிர்ப்பு குறையும், எலக்ட்ரிக் வண்டின்னா ரேஞ்சுக்கும் கொஞ்சம் உதவும். நிறுத்துனதும் இறங்கி ஏறுறதுக்கு வசதி பண்ணிக் குடுக்கும். வீட்டுல முட்டி வலியோட அம்மா அப்பா இருந்தாங்கன்னா இந்த ஒண்ணுக்காகவே ஏர் சஸ்பென்ஷன் எடுக்கலாம், நான் மனசாரச் சொல்றேன்.

ஆனா ஃபுல் உயரத்துல ஏத்தி வெச்சுக்கிட்டு ஊர் சுத்தாதீங்க. சக்கரம் கீழ இறங்குறதுக்கு இருக்குற இடம் குறைஞ்சுடும், ரைடு கட்டையாயிடும். ஸ்பீடு ஏறுனா வண்டி தானா கீழ வந்துடுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

வளைவுல வண்டி சாயுறத ஏர் ஸ்பிரிங் மட்டும் நிறுத்திடாது. அதுக்குன்னு வேற சிஸ்டம், 2015ல பென்ட்லி பென்டெய்கால 48 வோல்ட் மோட்டார் வெச்ச ஆன்டி ரோல் பார், அதாவது இடது வலது சக்கரத்த இணைச்சு சாய்வக் குறைக்கிற கம்பி, வந்தது அதுக்காகத்தான்.

[திரையில்: 22 இஞ்ச் வீலும் 20 இஞ்ச் வீலும் பக்கத்துல பக்கத்துல]

இத நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. சின்னச் சின்ன வெடிப்பு, ரோட்டு ஜாயின்ட், இதெல்லாம் முதல்ல வாங்கிக்கிறது டயரோட பக்கச் சுவர். 22 இஞ்ச் வீல் போட்டு அந்தச் சுவர மெலிசாக்கிட்டு, அப்புறம் ஏர் சஸ்பென்ஷன் போட்டும் தடதடன்னு வருதேன்னு கவலைப்பட்டா எப்படி. 20 இஞ்ச்சும் நல்ல டேம்பரும் இருக்குற இரும்பு ஸ்பிரிங் வண்டி, 22 இஞ்ச் ஏர் வண்டிய விட அமைதியாப் போறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. சொகுசுக்குன்னு மட்டும் காசு போடப் போறீங்கன்னா முதல்ல வீல் சைஸ இறக்குங்க.

இப்போ செலவு. இரும்பு ஸ்பிரிங் பெரும்பாலும் வண்டி ஆயுசுக்கும் ஓடிடும். ரப்பர் பை அப்படி இல்ல, மடிஞ்சு மடிஞ்சு விரியுற அந்த மடிப்புலதான் முதல்ல மயிரிழை மாதிரி வெடிப்பு வரும், மண்ணும் தூசியும் உள்ள போய் அரைக்கும். ஆரம்பத்துல தெரியவே தெரியாது, ராத்திரி நிறுத்துன வண்டி காலைல ஒரு மூலைல மட்டும் இறங்கி நிக்கும், ஸ்டார்ட் பண்ணுனா கம்ப்ரசர் உர்ர்னு வழக்கத்த விட ரொம்ப நேரம் ஓடும், வண்டி எழுந்துடும், சரியாயிடுச்சுன்னு நாமளும் விட்டுடுவோம். அங்கதான் சிக்கல். ஓட்டைல போற காத்த ஈடு கட்ட கம்ப்ரசர் ஓடி ஓடி சூடாகி அதுவும் போயிடும், ஒரு பையோட முடிய வேண்டிய செலவு ரெண்டாயிடும். மடிப்புலயும் காத்துக் குழாய் ஜாயின்ட்லயும் சோப்புத் தண்ணி தெளிச்சுப் பாக்கச் சொல்லுங்க, கசிவு இருந்தா அந்த இடத்துல குமிழி விடும்.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு கேளுங்க. டயர் மாத்த ஜாக்கி போடுறதுக்கு முன்னாடி மேனுவல்ல சொல்லியிருக்குற ஜாக் மோட ஆன் பண்ணுங்க, இல்லன்னா கம்ப்யூட்டர் வண்டிய லெவல் பண்றேன்னு காத்த ஏத்தி இறக்கப் பாக்கும். வண்டிக்கு அடியில படுக்கணும்னா வண்டியத் தாங்குற ஜாக் ஸ்டாண்டு இல்லாம படுக்கவே கூடாது.

என் முடிவு இதுதான். அடிக்கடி ஃபுல் லோடு, டிரெய்லர், மண் ரோடு, ஏறி இறங்கக் கஷ்டப்படுற பெரியவங்க, இதுல ஏதாவது ஒண்ணு உங்களுக்கு இருந்தா எடுங்க, வாரன்டிய எவ்வளவு நீட்ட முடியுமோ நீட்டிக்கோங்க. ஒருத்தர் ரெண்டு பேர் நல்ல ரோட்டுல போற வண்டி, 10 வருஷம் வெச்சுக்கப் போறீங்கன்னா, எலக்ட்ரானிக் டேம்பரோட இரும்பு ஸ்பிரிங் எடுங்க. பிஎம்டபிள்யூ எக்ஸ்7 மாதிரி சில வண்டில ஏர் சஸ்பென்ஷன் ஸ்டாண்டர்டாவே வந்துடுது, அங்க கேள்வியே இல்ல, பராமரிப்ப மட்டும் பாத்துக்கோங்க.

செகண்ட் ஹேண்ட்ல பாக்குறீங்கன்னா, வண்டிய முந்தின நாள் ராத்திரியே சமதளத்துல நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போய் 4 வீல்லயும் வீல் நடுவுல இருந்து அதுக்கு மேல இருக்குற ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப்ல அளங்க, இடது வலது வித்தியாசம் இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, இருக்குற எல்லா உயரத்துக்கும் ஏத்தி இறக்கச் சொல்லுங்க. புது வண்டின்னா டெஸ்ட் டிரைவ் தனியாப் போகாதீங்க, வீட்டுல எல்லாரையும் ஏத்திக்கோங்க, நீங்க வாங்கப் போற அதே வீல் சைஸ்ல, ஏர் ஒண்ணு இரும்பு ஒண்ணுன்னு ரெண்டையும் ஒரே ரோட்டுல ஓட்டிட்டு, பின் சீட்ல உக்காந்தவங்க கிட்ட கேளுங்க.