பெட்டியைப் பிரிக்கும் வரை

நேயர்களுக்கு வணக்கம். நண்பர்களோடு வெளிநாடு போவதென்றால் எவ்வளவு ஏற்பாடு செய்கிறோம்! விசா, டிக்கெட், தங்குமிடம், யாருக்கு எந்த அறை என்பது வரை பேசி முடிக்கிறோம். திரும்பி வருவதற்கு மட்டும் ஓர் ஏற்பாடும் கிடையாது. விமான நிலைய வாசலில் கையசைத்துவிட்டு ஆளுக்கொரு வண்டியில் ஏறிவிடுகிறோம். இது போதாது என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறேன். இன்றும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

வாழ்க்கை ஒரு திருப்பத்தில் நிற்கும்போதுதான் பலர் இப்படிக் கிளம்புகிறார்கள். ஒருவருக்குத் திருமணம் நெருங்குகிறது. ஒருவர் வேலையை விட்டிருக்கிறார். ஒருவர் வீட்டில் இழப்பு நேர்ந்திருக்கிறது. ஊர் சுற்றும் நாட்களில் இந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அதுவும் நல்லதுதான், மனத்துக்கு ஓய்வு வேண்டுமே. ஆனால் விமானம் தரையிறங்கி, கைபேசிக்கு உயிர் வந்ததும் எல்லாம் மொத்தமாக வந்து நிற்கிறது.

என் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் சில பேர் சேர்ந்து போய்த் திரும்பியிருந்தோம். பெட்டிகளுக்காகக் காத்து நிற்கிறோம். அவளுடைய பெட்டி அவள் கண்ணெதிரே சுற்றிச் சுற்றி வருகிறது, அவள் எடுக்கவில்லை. என்ன என்று கேட்டேன். "இறங்கியதும் அம்மாவைத்தான் அழைப்பேன். வந்து சேர்ந்துவிட்டேன் என்று இனி யாரிடம் சொல்வது?" என்றாள். அம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பயணம் முழுவதும் எங்களோடு சிரித்துக்கொண்டு வந்தவள்தான். அதுவரை எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

எங்களில் ஒருவர் சட்டென்று அவள் பெட்டியை இறக்கினார். "நானும் உன்னோடு வருகிறேன்" என்றார், அவ்வளவுதான். வீடு வரை போனார். ஜன்னல்களைத் திறந்துவிட்டார். அவள் பெட்டியைப் பிரித்து, துணிகளை எடுத்து வைத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆறுதல் மொழி எதுவும் சொல்லவில்லையாம். அந்தப் பயணத்தில் நாங்கள் பார்த்த இடங்களை எல்லாம்விட அந்த மாலைதான் அவளுக்கு அதிகம் நினைவிருக்கிறது. நேயர்களே, கதவு வரை கூடவே போங்கள். முடியாவிட்டால், "வந்து சேர்ந்துவிட்டாயா?" என்று கேட்கவாவது செய்யுங்கள்.

கூடப் போனவர்களையே ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? மற்றவர்களிடம் நம் பயணம் எடுபடுவதில்லை. 2014இல் கஸ் கூனி, டேனியல் கில்பர்ட், டிமோதி வில்சன் ஆகிய உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நால்வர் அடங்கிய குழுவில் ஒருவருக்கு மட்டும் நல்ல காணொளி. மற்ற மூவருக்குச் சுமாரான ஒன்று. பிறகு நால்வரையும் உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். பேச்சு முடிந்தபோது மனம் வாடியவர் நல்லதைப் பார்த்தவர்தான்! மூவருக்கும் பொதுவாகப் பேச விஷயம் இருந்தது, அவர் ஒதுங்கிப்போனார். வெளிநாடு போய் வந்தவர் வீட்டிலும் அலுவலகத்திலும் அனுபவிப்பது இதைத்தான். கேட்பவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர், அவர்கள் அங்கே இருந்ததில்லை, அவ்வளவே. இருந்தவர்கள் உங்கள் நண்பர்கள். அவர்களோ திருமணம், புது வேலை, வேறு ஊர் என்று பிரியப்போகிறார்கள். எனவே பிரிவதற்கு முன் ஒருமுறை கூடுங்கள். அந்த நாளை டிக்கெட் எடுக்கும்போதே குறித்துவிடுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்றால் அது நடப்பதில்லை. மீண்டும் சொல்கிறேன், டிக்கெட் எடுக்கும்போதே. அந்தச் சந்திப்பில் புகைப்படங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், பயணத்தில் எடுக்காத பேச்சையும் எடுங்கள். மணமாகப் போகிறவருக்கு என்ன தயக்கம், வேலையை விட்டவர் அடுத்து என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. உடலைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். நம் உடலின் உள்கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. அதனால் கிழக்கு நோக்கித் திரும்பும்போது, அதாவது வழக்கத்தைவிட முன்னதாகத் தூங்க வேண்டியிருக்கும்போது, தூக்கம் சீரடைய அதிக நாட்களாகும். தூக்கம் கெட்ட அந்த நாட்களில் வேலை, வீடு, உறவு பற்றிய பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். பயணத்தின் பொதுச் செலவுக் கணக்கை மட்டும் முதல் வாரத்திலேயே தீர்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.