முன்னாலேயே வந்திருக்கலாம்

வணக்கம். நான் ஒரு செவிலியர். கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ஹாஸ்பிஸ் ஒன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். வானொலியில் பேசக் கூப்பிட்டபோது எதைப் பேசுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்களிடம் வருகிற குடும்பங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு வாக்கியம் இருக்கிறது. “சிஸ்டர், இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா முன்னாலேயே வந்திருப்போமே.” அதைக் கேட்காத மாதம் எனக்கு இல்லை.

ஏன் தாமதம்? காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது. ‘டாக்டர் கைவிரித்துவிட்டார்’ என்கிறோம். ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள்’ என்கிறோம். அப்படிக் கைவிரித்த பிறகு போகிற இடம்தான் ஹாஸ்பிஸ் என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. எங்கள் வார்டில் ஒரு நாள் காலையிலிருந்து உட்கார்ந்து பாருங்கள். ஒருவருக்கு வலி மருந்தின் அளவை மாற்றுகிறோம். இன்னொருவருக்கு வயிற்றில் கட்டிய நீரை எடுக்கிறோம். ஒருவருக்கு வாந்தி, ஒருவருக்கு மூச்சுத்திணறல், ஒருவருக்கு நாலு நாளாக மலம் போகவில்லை, ஒருவருக்கு இருட்டினாலே பயம். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவே மணி மூன்றாகிவிடும். நோயைக் குணப்படுத்துவது நின்றிருக்கிறது, அவ்வளவுதான். வைத்தியம் நிற்கவில்லை.

இந்தத் துறைக்கு வழி போட்டவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண். முதலில் நர்ஸ், அப்புறம் மருத்துவமனைச் சமூகப் பணியாளர். இறக்கும் தறுவாயில் இருப்பவர்களின் வலியை யாரும் சரியாகக் கவனிப்பதில்லை என்று பார்த்து, முப்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவம் படிக்கப் போனார். 1948-இல் லண்டனில் அவர் கவனித்துவந்த டேவிட் தஸ்மா, போலந்திலிருந்து வந்த அகதி. குடும்பம் என்று பக்கத்தில் யாரும் இல்லை. புற்றுநோயால் இறந்தபோது 500 பவுண்டை சாண்டர்ஸுக்கு விட்டுச் சென்றார். நீங்கள் கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லியிருந்தார். தெற்கு லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் திறந்தது 1967-இல். அந்த ஒரு ஜன்னலைச் சுற்றிக் கட்டடம் எழுப்ப 19 வருடம் ஆயிற்று. 2005-இல் சாண்டர்ஸ் இறந்ததும் அங்கேயேதான்.

ஹாஸ்பிஸ் என்றால் கட்டடம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது உங்கள் வீட்டிலேயே நடக்கும். டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர், தன்னார்வலர் என்று ஒரு குழு வீட்டுக்கு வந்து போகும். இங்கே ஒரு உண்மையை உடைத்துச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்கள் இதில்தான் ஏமாந்துபோகின்றன. வீட்டில் என்றால் இருபத்துநாலு மணி நேரமும் ஒரு நர்ஸ் பக்கத்தில் இருப்பார் என்று அர்த்தமில்லை. வாரத்துக்குச் சில தடவை வருவோம், அவசரம் என்றால் வருவோம். மற்ற நேரமெல்லாம் மருந்து கொடுப்பது, துடைத்துவிடுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் வீட்டுக்காரர்கள் வேலை. எப்படிச் செய்வது என்று சொல்லித் தருவோம். ஆனால் செய்ய ஆள் வேண்டும். ஒரே மகளோ ஒரே மருமகளோ எல்லாவற்றையும் சுமக்கிற வீட்டில், மூன்றாவது வாரத்தில் அவர் நோயாளியைவிட மோசமான நிலையில் இருப்பார். அதனால் சேரும்போதே கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்தால் யார் எடுப்பார்? நேரில் வர எவ்வளவு நேரமாகும்? பார்த்துக்கொள்கிறவர் ஓய்வெடுக்க நாலு நாள் நோயாளியை உங்களிடம் விட முடியுமா? கடும் வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் மருந்து உங்களிடம் இருக்கிறதா? செலவில் எது சேர்த்தி, எது தனி? இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

சரி, எப்போது கேட்பது? டாக்டர் தானாகச் சொல்வார் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். டாக்டர்களும் மனிதர்கள்தான். 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஹாஸ்பிஸுக்கு அனுப்பப்பட்ட 468 நோயாளிகள் எவ்வளவு நாள் இருப்பார்கள் என்று அவர்களை அனுப்பிய டாக்டர்களிடமே கேட்டார்கள். கணிப்பு ஓரளவு சரியாக இருந்தது ஐந்தில் ஒருவருக்குத்தான். சராசரியாக உண்மையில் இருந்ததைப்போல ஐந்து மடங்குக்கும் மேலாகச் சொல்லியிருந்தார்கள். பழகிய நோயாளி என்றால் கணிப்பு இன்னும் பிசகியது. பாசம்தான், வேறென்ன? அதனால் ‘எவ்வளவு நாள்’ என்று கேட்டால் நல்ல பதில் வராது. ‘இவர் இன்னும் ஒரு வருடத்துக்குள் போய்விட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்குமா, டாக்டர்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இருக்காது’ என்று அவர் சொன்னால், எங்களிடம் பேச அதுதான் நேரம்.

புற்றுநோய்க்கு மட்டும்தான் ஹாஸ்பிஸ் என்று இன்னொரு நினைப்பு. இதயம் பலவீனமானவர்கள், நுரையீரல் நோயாளிகள், டயாலிசிஸை நிறுத்த முடிவெடுத்தவர்கள், மறதி நோய் முற்றியவர்கள் எல்லோரும் வருகிறார்கள். புற்றுநோயில் பெரும்பாலும் ஆள் ஓரளவு நடமாடிக்கொண்டே இருந்து, கடைசிச் சில வாரங்களில் சட்டென்று சரிவார். இதய, நுரையீரல் நோய்கள் படிக்கட்டு மாதிரி: ஒரு சறுக்கல், மருத்துவமனை, கொஞ்சம் தேறுதல், மறுபடி சறுக்கல். ஒவ்வொரு தடவையும் பிழைத்து வந்துவிடுவதால், அடுத்த தடவையும் வந்துவிடுவார் என்று வீட்டில் நம்புகிறார்கள். மறதி நோய் வருடக்கணக்கில் இழுக்கும்.

ஹாஸ்பிஸில் சேர்த்தால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. 2010-இல் அமெரிக்காவில், நுரையீரல் புற்றுநோய் பரவிவிட்ட 151 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து முதலிலிருந்தே, எங்களைப் போல வலியையும் தொந்தரவுகளையும் தணிக்கிற குழுவின் கவனிப்பும். இரண்டாவது பிரிவினர் கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் கிட்டத்தட்ட 11.6 மாதம் இருந்தார்கள். முதல் பிரிவு 8.9 மாதம். எல்லா நோய்க்கும் இதே கணக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. சீக்கிரம் வந்தால் ஆயுள் குறையும் என்று பயப்பட ஆதாரம் இல்லை. அதோடு, சேர்ந்தால் சேர்ந்ததுதான் என்றும் இல்லை. தேறிவிட்டாலோ மனம் மாறினாலோ வெளியே போகலாம். போனவர்கள் இருக்கிறார்கள், மறுபடி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

மார்ஃபினுக்கு வருவோம். நான் அதிக நேரம் செலவழிப்பது இதைப் பற்றிப் பேசத்தான். ஒரு மகன், நன்றாகப் படித்தவர், மார்ஃபின் மாத்திரை அட்டையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஏதோ கடித்துவிடும் என்பதுபோல. “அம்மா இதுக்கு அடிமையாயிட்டா?” அம்மாவுக்கு எலும்பெல்லாம் புற்றுநோய். போர்வை பட்டாலே முனகுகிறார். வலிக்காக அளவோடு கொடுக்கும்போது, இந்தக் கட்டத்தில் இருப்பவர்களிடம் அந்த மாதிரிப் பழக்கம் அபூர்வம். நாளாக ஆக அளவைக் கூட்ட வேண்டிவந்தால், பெரும்பாலும் நோய் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூச்சு நின்றுவிடுமோ என்பது அடுத்த பயம். சிறு அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கூட்டினால் அப்படி ஆவதில்லை. மூச்சுத்திணறலுக்கே நாங்கள் சிறிய அளவில் மார்ஃபின் கொடுக்கிறோம்.

ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண மார்ஃபின் நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வரட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் வலிதான் ஜெயிக்கும். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே சொன்னதுதான் இது: வாய்வழியாக, நேரப்படி, வலியின் அளவுக்கேற்ற படியில். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாக இருப்பார், பயப்படாதீர்கள். வலியில் பல நாள் தூங்காதவர் வேறென்ன செய்வார்? மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும். அதனால் மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுப்போம். அந்த மகனின் அம்மா மூன்றாம் நாள் காலையில் கண்ணாடி கேட்டார், தலை வார.

மார்ஃபினைவிடக் கஷ்டமான பேச்சு ஒன்று உண்டு. சாப்பாடு.

ஸ்பூனை வாயருகே வைத்துக்கொண்டு “ஒரு வாய்ம்மா, ஒரே ஒரு வாய்” என்று கெஞ்சுகிற பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அம்மா பிள்ளைக்காக வாங்கிக்கொள்வார், கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வார், விழுங்க மாட்டார். பிள்ளை அந்தப் பக்கம் போனதும் நாங்கள் விரலில் துணி சுற்றி எடுத்துவிடுவோம். கடைசி வாரங்களில் உடம்பு சாப்பாட்டை ஏற்றுக்கொள்வதை நிறுத்திவிடுகிறது. சாப்பிடாததால் அவர் சாகவில்லை. நோய் முற்றிவிட்டதால் சாப்பாடு நின்றுபோயிருக்கிறது. பசியும் அநேகமாக இருக்காது. டிரிப்ஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் அந்த நீர் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும்தான் பெரும்பாலும் போய்ச் சேரும். மறதி நோய் முற்றியவர்களுக்கு மூக்குக்குழாய் வழியாக உணவு கொடுத்தாலும் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக வாயைக் கவனியுங்கள். சிறு பஞ்சை நனைத்து நாக்கையும் ஈறையும் துடைத்துவிடுங்கள், உதட்டில் ஏதாவது பூசிவிடுங்கள். உலர்ந்த வாய்தான் அவருக்கு உண்மையான தொந்தரவு.

நோயாளியிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. ஒரு வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பாவுக்குத் தெரியாது. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.” உள்ளே போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் தண்ணீர் எடுக்கப் போன இடைவெளியில் அப்பா மெதுவாகச் சொன்னார்: “எனக்கு எல்லாம் தெரியும் சிஸ்டர். அவகிட்ட சொல்லிடாதீங்க, தாங்கமாட்டா.” இரண்டு பேரும் ஒரே ரகசியத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டிருந்தார்கள், மூன்று மாதமாக. இந்த மாதிரி நேரத்தில் நாங்கள் சொல்லவும் மாட்டோம், பொய்யும் பேச மாட்டோம். ‘உங்களுக்கு என்ன தோணுது?’ என்று நோயாளியிடமே கேட்போம். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது அதில் வந்துவிடும். அவர் விருப்பங்களைப் பேசவும் அதுதான் நேரம்: இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி, குழாய் போட்டு முயல வேண்டுமா? கடைசியில் எங்கே இருக்க ஆசை? தன்னால் சொல்ல முடியாமல் போனால் யார் சொல்வது சொல்? அதை எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? தூர ஊரிலிருந்து பிள்ளை கடைசி நாளில் வந்து இறங்கும். இத்தனை நாள் பக்கத்தில் இல்லாத குற்றவுணர்ச்சி எல்லாம் சேர்ந்து, ‘ஏன் ஐசியுவில் சேர்க்கவில்லை?’ என்று கத்தும். அமெரிக்க மருத்துவர்கள் இதற்குக் ‘கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மகள்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் அதே மகள் வேறு ஊரிலிருந்து வருவாளாம்!

கடைசி நாட்கள் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால்தான் பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறோம். தூக்கம் கூடிக்கொண்டே போகும். கைகால் சில்லிடும், முழங்காலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, அரை நிமிடம் நின்றேவிடும், மறுபடி தொடங்கும். தொண்டையில் கொர் கொர் என்று சத்தம் வரும். கேட்பவர்களுக்குத்தான் அது வேதனை, அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துவைத்தால் குறையும். செத்துப்போன தன் அம்மாவிடம் பேசுவதுபோல் அவர் ஏதாவது பேசலாம். திருத்த வேண்டாம். காதில் பேசுங்கள். 2020-இல் கனடாவில் ஹாஸ்பிஸ் நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். நினைவு தப்பி, கூப்பிட்டால் அசையாதவர்களில் சிலருக்கு மூளை அப்போதும் ஒலிகளுக்குப் பதில் தந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒன்று. இரவெல்லாம் பக்கத்தில் இருந்துவிட்டு, முகம் கழுவப் போன ஐந்து நிமிடத்தில் போய்விட்டாரே என்று அழுகிற பிள்ளைகள் நிறைய. நான் பார்த்தவரை அது அடிக்கடி நடக்கிறது. அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

நேரம் ஆகிவிட்டது. முதல் நாள் எங்களிடம் வரும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை மாதிரி, இனி தேவைப்படாத பலவற்றை டாக்டர் பார்த்து நிறுத்திவிடுவார். பழைய ரிப்போர்ட்டுகள், போனில் கூப்பிட வேண்டிய இரண்டு பேர் பெயர். அவர் தலைக்கு வைத்துப் பழகிய தலையணை. எங்களிடம் இருப்பவை கொஞ்சம் கடினம். வணக்கம்.