தண்ணிக்கும் ஒரு கிழமை வேணும்

(கொழும்புல ஒரு முஸ்லிம் ஆரம்பப் பாடசாலையில பாதுகாப்பு வாரம் முடியிற அண்டைக்கு ஸ்கூல் ஹோல்ல பேசினது. பேசின மாதிரியே டைப் பண்ணியிருக்கேன்.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

தலைமை வகிக்கிற எங்கட அதிபர் அவர்களே, வலயக் கல்விக் காரியாலயத்துல இருந்து இந்த வெயில்லயும் எங்களுக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்த பிரதிக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் ஹாஜியார் அவர்களே, தீயணைப்புப் பிரிவு உத்தியோகத்தர்மாரே, எங்கட ஏரியா பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாத்தயா, ட்ரஃபிக் பொலிஸ் பொறுப்பதிகாரி மாத்தயா (இவங்க ரெண்டு பேருக்கும் தமிழ் முழுசா விளங்காது, எண்டாலும் காலையில இருந்து பிள்ளைகள்ட நாடகம், கஸீதா எல்லாத்துக்கும் இருந்து கைதட்டினாங்க, பொஹோம ஸ்துதியி மாத்தயா, ரொம்ப நன்றி), பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர்மாரே, பழைய மாணவர்மாரே, டீச்சர்மாரே, சேர்மாரே, உம்மாமாரே, வாப்பாமாரே, எல்லாருக்கும் என்ட ஸலாம். எங்கட வொச்சர் நானாவையும் சொல்லாம விட ஏலாது. செவ்வாக்கிழமை ட்ரில் நடக்கக்கொள்ள பின் கேட் சாவி அவர்ட இடுப்புலயே இருந்ததாலதான் முழு ஸ்கூலும் முட்டி மோதாம கிரவுண்டுக்கு வந்திச்சி. மாஷா அல்லாஹ்.

ரெண்டு விஷயம் பேச வந்திருக்கேன். ஒண்டு, இந்த ஸ்கூல் நடத்துற தலைப்பு வாரங்கள். ரெண்டாவது, கேட்டுக்கு முன்னால உள்ள ரோட். அதோட எனக்கு நெருக்கமான ஒரு விஷயமும் இருக்கு, தண்ணியில பிள்ளைகள்ட பாதுகாப்பு, அது பேச்சோட பேச்சா வரும்.

வெள்ளம் வருமுன்னே அணை போடணும் எண்டு எங்கட பெரியவங்க சொல்லுவாங்க. இந்தப் பழமொழிய நான் எந்த மேடையில ஏறினாலும் சொல்றேன் எண்டு சிலர் சொல்றாங்க, சொல்லத்தான் செய்வேன், ஏனெண்டா நாங்க அணை போடுற சமூகமாத்தான் இருந்தோம். 1883ல எகிப்துத் தலைவர் ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டு இந்த ஊருக்கு வந்து இறங்கின காலத்துல எங்கட பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பு எதுக்கு எண்டு கேட்ட ஆக்கள்தான் கூட. கண்டி வக்கீல் சித்தி லெப்பை ஏச்சுப் பேச்செல்லாம் வாங்கிக்கொண்டுதான் ஸ்கூல் வேணும் எண்டு நிண்டார், 1892ல மருதானையில ஸாஹிரா கொலேஜ் வந்திச்சி, 1921ல டீ.பி. ஜாயா அதிபரா பொறுப்பெடுத்து அதை நாடே பார்க்கிற ஸ்கூலா ஆக்கினார், பொம்புளப் பிள்ளைகளுக்கெண்டு 1946ல பம்பலப்பிட்டியில முஸ்லிம் லேடீஸ் கொலேஜ் வந்திச்சி. ஒவ்வொண்டுக்கும் முதல்ல "இது எதுக்கு" எண்டு கேட்டாங்க. அதை மனசுல வெச்சிக்கொள்ளுங்க, பிறகு தேவைப்படும்.

சரி, தலைப்பு வாரம். பாடத்திட்டத்துலயே சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் எண்டு ஒரு பாடம் இருக்கு, ஆனா அதை புத்தகத்துலயே முடிச்சிட்டுப் போற ஸ்கூலும் இருக்கு, இங்க அப்படியில்ல. நுளம்பு வாரம் எண்டா அந்த அஞ்சு நாளும் தமிழ்ப் பாடத்துல நுளம்பப் பத்தி மாநகர சபைக்கு கடிதம் எழுதுறாங்க, கணிதத்துல வளவுல பொறுக்கின யோகட் கப், சிரட்டை, மூடிகளை எண்ணி நிரல் கீறுறாங்க, இஸ்லாம் பாடத்துல ராவைக்கு பாத்திரங்களை மூடி வைங்க, விளக்குகளை அணைச்சிட்டுப் படுங்க எண்டு நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்ன ஹதீஸ் படிக்கிறாங்க. ஒரே விஷயம் நாலு பக்கத்தாலயும் வரக்கொள்ள பிள்ளைட தலையில தங்குது. போன முறை நாலாம் ஆண்டு பிள்ளை ஒண்டு டோர்ச்ச எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் ஃப்ரிட்ஜுக்கு பின்னால குனிஞ்சி, கீழ தண்ணி வடியிற தட்டுல குடம்பி (நுளம்புப் புழு) நெளியிறத கண்டுபிடிச்சிட்டா! டீச்சர்மாருக்கே தெரியாது அங்க ஒரு தட்டு இருக்கெண்டு. பீஎச்ஐ மாத்தயா அந்தப் பிள்ளைய முன்னுக்குக் கூப்பிட்டு கை குடுத்தார். 2017ல இந்த நாட்டுல ஒரே வருஷத்துல 186,000க்கு மேல டெங்கு நோயாளர்கள், ஆஸ்பத்திரியில ஒரு கட்டில்ல ரெண்டு பிள்ளை படுத்த காலம் அது, இந்தச் சின்ன ஆக்கள்ட டோர்ச்சுட பெறுமதி அதைக் கண்ட உம்மாமாருக்குத்தான் விளங்கும்.

இப்ப பாதுகாப்பு வாரம். இதுக்கு ஒரு கதை இருக்கு, சொல்லியே ஆகணும்.

போன வருஷ பாதுகாப்பு வாரத்துல தீயணைப்பு ஆக்கள் வந்து ரெண்டாம் ஆண்டுக்கு சொல்லிக் குடுத்தாங்க, உடுப்புல நெருப்புப் புடிச்சா ஓட வேணாம், நில்லு, படு, உருளு. கிரவுண்டுல பாய் போட்டு எல்லாரையும் உருள வெச்சாங்க. மாளிகாவத்தை ஃப்ளெட்ல இருந்து வார ஒரு மகன், அவன் வீட்டுக்குப் போய் யூனிஃபோர்ம கழட்டக்கூட இல்ல, வாப்பாவ உருள வெச்சான், சாச்சிய உருள வெச்சான், பக்கத்து வீட்டு சிங்கள அங்கிளையும் கூட்டி வந்து கொரிடோர்ல உருள வெச்சான். கடைசியா உம்மும்மாகிட்ட போனான். அவங்களுக்கு எழுபது தாண்டிட்டு, முழங்கால் வருத்தம். "என்னத்துக்குடா மகன், எனக்கு உழுந்தா எழும்ப ஏலாது"ண்டு சொல்லியும் விடல்ல. சரியெண்டு கட்டில்லயே படுத்து இந்தப் பக்கம் ஒருக்கா அந்தப் பக்கம் ஒருக்கா உருண்டு காட்டினாங்க. அவன் பக்கத்துல நிண்டு, "இல்ல உம்மும்மா, மொகத்த கையால மூடணும்"ண்டு திருத்துறான். வீடே சிரிச்சிச்சி. உம்மும்மா பேரனுக்கு ஒரு ரூபா... இல்ல, அந்தக் காலம் போயிட்டு, இருவது ரூபா குடுத்து "போதும்டா, நான் பாஸாகிட்டேன்"ண்டு அனுப்பினாங்க.

பிறகு ஒரு வியாழன் மஃரிபுக்கு உம்மும்மா வழமை போல வீட்டுக்கு சாம்பிராணி புகை புடிக்கிறாங்க. ஃப்ளெட் வீடு, இடம் சின்னன், ஃபேன் ஓடுது. சட்டியில தணல், தலையில போட்ட முந்தானை நீட்டா தொங்குது, அது நைலக்ஸ். குனிஞ்சி கட்டிலுக்குக் கீழ புகை காட்டக்கொள்ள முந்தானை தணல்ல பட்டு சட்டெண்டு புடிச்சிட்டு. வயசான மனுஷி, பதறி வாசல் பக்கம் ஓடப் போனாங்க. ஓடினா காத்துக்கு நெருப்பு ஏறும். அந்த ஏழு வயசுப் புள்ள கத்தின கத்து முழு ஃப்ளெட்டுக்கும் கேட்டீக்கி. "உம்மும்மா நில்லுங்க! படுங்க! உருளுங்க!" முழங்கால் வருத்தமெல்லாம் எங்க போனதோ, அவங்க அப்படியே நிலத்துல படுத்து உருண்டாங்க, ஒருக்கா இல்ல, ஹோல்ல இருந்து குசினி வாசல் மட்டும்! சாச்சி வாளித் தண்ணியோட ஓடி வரக்கொள்ள நெருப்பு அணைஞ்சிட்டு. தோள்ல கை அகலத்துக்கு ஒரு காயம், அதையும் இருவது நிமிஷம் பைப் தண்ணியில புடிக்கணும், பற்பசை பூசக்கூடாது எண்டு சொன்னதும் அதே மகன்தான், அதுவும் இந்த ஸ்கூல்ல படிச்சது. அல்ஹம்துலில்லாஹ், அந்த உம்மும்மா இண்டைக்கு இந்த ஹோல்ல மூண்டாவது வரிசையில இருக்காங்க. கைதட்டுங்க, நல்லா தட்டுங்க.

வெள்ளம் வருமுன்னே அணை. கிரவுண்டுல போட்ட பாய்தான் அந்த வீட்டுக்கு அணை.

இப்ப நான் கேக்கிற கேள்வி இதுதான். நெருப்புக்கு ஒரு நாள் வெச்சீங்க, ரோட்டுக்கு ஒரு நாள் வெச்சீங்க, 119, 110, 1990, 1929 எண்டு உதவிக்கு அடிக்கிற எல்லா நம்பரும் முதலாம் ஆண்டுப் பிள்ளை பாட்டா பாடுது. தண்ணிக்கு என்ன வெச்சீங்க? தண்ணீரை வீணாக்காதே எண்டு ஒரு சித்திரப் போட்டி. அவ்வளவுதான்.

நாங்க இருக்கிறது தீவு. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் களனி கங்கை, நடுவுல பேர வாவி, வெள்ளவத்தை கால்வாய். 2016 மே மாசம் வெல்லம்பிட்டி, கொலன்னாவை பக்கம் வீட்டுக் கூரை மட்டத்துக்கு தண்ணி வந்தத இங்க உள்ள எத்தனையோ பேர் கண்டவங்க, பள்ளிவாசல்கள்ல சோறாக்கி போட்ல கொண்டு போய்க் குடுத்த வாலிபர்மாரும் இங்க இருக்காங்க. 2004 சுனாமியில எங்கட கிழக்குக் கரையில, கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, ஆம்புளைகளை விட பொம்புளைகள்தான் கூட மவுத்தானாங்க. ஏன்? நீந்தத் தெரியாது, மரத்துல ஏறிப் பழக்கமில்ல, உடுப்பு காலச் சுத்தினிச்சி, கையில பிள்ளை. 2021 நவம்பர் 23, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில பாலம் கட்டி முடியாம மிதப்புப் பாதையில (ஆளேத்துற மிதவையில) போன சனம், காலையில ஸ்கூலுக்குப் போன சின்னப் பிள்ளைகள், கவிழ்ந்திச்சி. 2024 நவம்பர் 26, மாவடிப்பள்ளியில வெள்ளம் பாஞ்ச ரோட்டால ட்ரெக்டர்ல வீட்டுக்குப் போன மத்ரஸாப் பிள்ளைகள். அந்த ஜனாஸாக்கள்ட ஃபோட்டோவ வட்ஸப்ல ஷேர் பண்ணினோம், துஆ கேட்டோம், ரெண்டு கிழமையில மறந்துட்டோம்.

நீந்தத் தெரிஞ்சிருந்தா எல்லாரும் தப்பியிருப்பாங்க எண்டு நான் சொல்லமாட்டேன். அந்த வேகத்துக்கு பெரிய ஆம்புளையே நிக்க ஏலாது. ஆனா தண்ணியப் படிக்கிற பிள்ளை முதல்ல படிக்கிறது, ஓடுற தண்ணிக்குள்ள இறங்கக்கூடாது, முழங்கால் அளவு வெள்ளமே ஆள இழுத்துக்கொண்டு போகும் எண்டுதான். ரெண்டாவது படிக்கிறது மிதக்க. மல்லாக்கப் படுத்து, காது ரெண்டும் தண்ணிக்குள்ள, நாடி மேல, வயித்த உயர்த்தி, கைய விரிச்சி, மூச்ச இழுத்து வெச்சா உடம்பு தானா மேல நிக்கும். மூண்டாவது, கூட்டாளி விழுந்தா பின்னால பாயக்கூடாது, சத்தம் போட்டு பெரியாக்களக் கூப்பிடணும், கயிறோ மூடி இறுக்கின வெறும் அஞ்சு லீட்டர் கேனோ வீசணும். இந்த மூண்டையும் படிக்க நீச்சல் சம்பியனா வரத் தேவையில்ல.

அதோட தண்ணியில தாழுற பிள்ளை கத்தாது. கைய வீசி உதவி கேக்காது. சத்தமில்லாம போயிடும், அதுக்குத்தான் பக்கத்துல ஃபோன் பாத்துக்கொண்டு நிக்கிற உம்மாவுக்கே தெரியாமப் போறது. எங்கட பள்ளிவாசல் ஹவுள (ஒழுச் செய்ற தண்ணித் தொட்டிய) நினைச்சுப் பாருங்க, வாப்பாமார் ஒழுச் செய்யக்கொள்ள சின்னதுகள் ஓரத்துல குந்தி மீன் பாக்கும். குளியலறை வாளி கூட ஒரு வயசுப் பிள்ளைக்கு ஆபத்து. உலகத்துல வருஷத்துக்கு சுமார் மூணு லட்சம் பேர் தண்ணியில மூழ்கி மவுத்தாகிறாங்க, அதுல பெரிய பங்கு சின்னப் பிள்ளைகள், இதுக்காகவே ஐக்கிய நாடுகள் சபை 2021ல ஜூலை 25ஐ ஒரு தினமா அறிவிச்சிச்சி. அப்ப ஜூலை கடைசிக் கிழமைய இந்த ஸ்கூல்ல தண்ணி வாரமா வைங்க எண்டு கேக்கிறேன். பணிப்பாளர் அவர்களே, உங்களைத்தான் பாத்துக் கேக்கிறேன்.

பொம்புளப் பிள்ளைக்கு நீச்சல் எதுக்கு எண்டு ஒரு வாப்பா என்கிட்ட கேட்டார். ஸ்கூல் எதுக்கு எண்டு கேட்ட அதே கேள்விதான் இது, நான் முதல்ல சொன்னேனே. எங்கட மார்க்கம் இதுக்குத் தடை போடல்ல, பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்குங்க எண்டு உமர் ரலியல்லாஹு அன்ஹு சொன்னதா எத்தனையோ பயான்ல கேட்டிருக்கீங்க. முழுக்கை முழுக்கால் நீச்சல் உடுப்பு இப்ப கொழும்புக் கடைகள்லயே இருக்கு. பொம்புள பயிற்சியாளர், பொம்புளப் பிள்ளைகளுக்கு மட்டும் தனி நேரம், கதவடியில ஒரு டீச்சர். இதுல எந்தப் பேணுதல் குறையுது? ஒட்டகத்தக் கட்டி வெச்சிட்டு தவக்குல் (அல்லாஹ் மேல நம்பிக்கை) வைங்க எண்டு சொல்லித் தந்த நபியுட உம்மத் நாங்க.

ரோட் விஷயத்த மறக்கல்ல, ட்ரஃபிக் மாத்தயா இருக்கிறதால ஒண்டு மட்டும் சொல்றேன். காலையில கேட்டடியில டபுள் பார்க் பண்ற வாகனத்துக்கு இடையால எட்டிப் பாக்கிற ஆறு வயசுப் பிள்ளைட தலை பொனட் உயரம்தான், வார த்ரீவீலுக்கு அது தெரியாது. அம்பது மீட்டர் தள்ளி இறக்கி கையப் புடிச்சி நடந்து வாங்க, அவ்வளவுதான். மிச்சத்த சங்கக் கூட்டத்துல பேசுவோம், அதிபர் மணிய பாக்கிறார்.

தண்ணி வாரத்துக்கு வாரன். ஸ்கூலுக்குள்ள நீச்சல் தடாகம் கட்ட நான் கேக்கல்ல, அதுக்கு இடமும் இல்ல காசும் இல்ல. கொழும்புல தடாகம் உள்ள அரசாங்க ஸ்கூல்கள் இருக்கு, வலயத்தால ஒரு கடிதம் போனா சனிக்கிழமை காலையில ரெண்டு மணித்தியாலம் எடுக்க ஏலும். ஹாஜியார் அவர்களே, பஸ் செலவ நம்பிக்கையாளர் சபை பாரம் எடுக்கணும், மீலாத் விழாவுக்கு லைட் போடுற காசுல கொஞ்சம் குறைச்சாலும் போதும், நான் மரியாதையோடதான் சொல்றேன். பழைய மாணவர்மார் பயிற்சியாளர்ட கொடுப்பனவ பாப்பாங்க எண்டு அவங்கட சங்கத் தலைவர் இப்ப மேடைக்கு ஏற முந்தி என் காதுல சொன்னார், சொன்னத நான் எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டேன், இனி மாற ஏலாது. வெள்ளம் வருமுன்னே அணை போடணும் எண்டா ஆளுக்கொரு கல்லு வைக்கணும்.

வெளிய போற வாசல்ல மேசையில ஃபோம் வெச்சிருக்கு. மூண்டாம் ஆண்டு, நாலாம் ஆண்டு பிள்ளைகளுக்குத்தான் முதல் பெட்ச். பிள்ளைக்கு காதுல சலம் வாரது, இழுப்பு, வலிப்பு ஏதும் இருந்தா மறைக்காம எழுதுங்க, சேர்க்கமாட்டோம் எண்டு பயப்பட வேணாம், அதுக்கு ஏத்த மாதிரி டொக்டர்கிட்ட கேட்டு செய்வோம். வாப்பா வெளிநாட்டுல எண்டா உம்மா கையெழுத்து போதும். கடைசியில ஒரு கட்டம் இருக்கு, உம்மாமாரும் படிக்க விரும்பினா அதுல ஒரு டிக் போடுங்க, பத்துப் பேர் சேர்ந்தா உங்களுக்கும் தனி நேரம் எடுப்போம். இண்டைக்கே குடுத்துட்டுப் போங்க, வீட்டுக்குக் கொண்டு போனா ஃப்ரிட்ஜுக்கு மேலயே கிடக்கும்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.