முன்மொழிவில் நிறமும் வரைபடமும் – விளக்க வீடியோ உரை

[திரையில்: வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்தில் ஒரு விலைப் பட்டியல்]

வணக்கம். ஈரோட்டு மஞ்சள் வணிகர் ஒருவர் மசாலா நிறுவனத்துக்கு முன்மொழிவு அனுப்பும்போது, தலைப்பையும் விலையையும் மஞ்சள் நிறத்திலேயே அச்சிட விரும்புவது இயல்புதான். ஆனால் அந்த விலையைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். இணையப் பக்கங்களை எல்லோரும் எளிதில் படிப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் (எழுத்து எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது என்ற அளவு) குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளையின் மேல் தூய மஞ்சளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1.07 மட்டுமே. அதே மஞ்சளைப் பட்டையாக இட்டு, அதன்மேல் கறுப்பில் எழுதினால் விகிதம் 19-ஐத் தாண்டிவிடும்.

எழுத்துக்குக் கறுப்பு, தலைப்புப் பட்டைக்கு லோகோவின் நிறம், முடிவெடுப்பவர் தேடும் எண்ணுக்கு மட்டும் ஓர் அழுத்தமான நிறம்: ஒரு முன்மொழிவுக்கு இவ்வளவே தாராளம்.

[திரையில்: இரண்டு பட்டை வரைபடங்கள்]

கோவைப் பம்பு தயாரிப்பாளர் ஒருவர், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்குப் பழைய பம்பை மாற்றச் சொல்லி எழுதுகிறார். பழையதன் செயல்திறன் 58 சதவீதம், புதியது 64 என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தின் அச்சை 55-இல் தொடங்கினால் ஒரு பட்டை 3 அலகும் மற்றது 9 அலகும் உயர்ந்து, புதிய பம்பு மூன்று மடங்கு சிறந்தது போலத் தோன்றும். சங்கத்தில் ஒரு பொறியாளர் இருந்தாலும் (கோவையில் இல்லாமலா போவார்?) அடுத்த பக்கத்து விலையையும் அவர் ஐயத்தோடுதான் பார்ப்பார். எனவே பட்டை வரைபடத்தைப் பூஜ்யத்திலிருந்தே தொடங்குங்கள். வேறுபாடு சிறிதாகத் தெரிந்தால், மாத மின்கட்டணத்தில் மிச்சமாகும் ரூபாயைப் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். சங்கத்தார் கேட்கப் போவதும் அதைத்தான்.

பழைய பம்புக்கு வெளிர் சாம்பல், புதியதற்கு அடர்நீலம் கொடுங்கள். சிவப்பையும் பச்சையையும் இணையாக வைக்க வேண்டாம். அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக உண்டு. தவிர, கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் இரண்டும் பெரும்பாலும் ஒரே சாம்பலாகிவிடும். அனுப்புமுன் ஒரு பிரதியை அப்படி எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

[திரையில்: துணி மாதிரிகளும் ஷேட் கார்டும்]

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. துணியின் நிறத்தைப் பி.டி.எஃப். படத்தை வைத்து உறுதிசெய்யாதீர்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது, இரண்டும் ஒத்துப்போகா. படத்துக்குக் கீழே நிறத்தின் பான்டோன் எண்ணை (நிறங்களுக்கான பொதுக் குறியீட்டை) குறித்து, ஒப்புதலை லேப் டிப்புக்கு, அதாவது சாயமிட்டு அனுப்பும் சிறு மாதிரித் துணிக்கு, விட்டுவிடுங்கள்.

கைகுலுக்கும் கோட்டு சூட்டுக்காரர்களின் படம் யாரையும் நம்ப வைப்பதில்லை. உங்கள் தையல் பிரிவின் தெளிவான புகைப்படம் ஒன்றே போதும். லோகோவை வாட்ஸ்அப்பில் வந்த படத்திலிருந்து எடுக்காமல், வடிவமைத்தவரிடம் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள்.