மாடு குடிப்பதும் புல் குடிப்பதும்

வணக்கம் நேயர்களே.

வெயில் காலத்தில் ஒரு கலப்பினக் கறவை மாடு நாளைக்கு அறுபது, எழுபது லிட்டர் தண்ணீர் குடித்துவிடும். பால் மாடு பெருகினால் தண்ணீர் குறையும் என்றதும் நமக்கு மாடு குடிக்கும் தொட்டிதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் தொட்டியில் போவது சொற்பம். ஒரு கிலோ பாலுக்கு உலகச் சராசரியாக 1,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலேயே தண்ணீர் செலவாகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஏறக்குறைய எல்லாமே தீவனம் விளைவதற்கானது, அதிலும் பெரும்பங்கு மழைநீர். அதனால் எத்தனை லிட்டர் என்பதை விடுங்கள். மழைத் தண்ணீரா, போர்வெல் தண்ணீரா என்று கேளுங்கள்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனால் கொறங்காடு என்ற மானாவாரி மேய்ச்சல் நிலத்தைப் பார்க்கலாம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. ஒரு மழை விழுந்தால் புல் தழைத்துவிடும். காங்கேயம் மாடு அதை மேய்ந்தே வளர்ந்தது. ஆனால் அது கறப்பது நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர்தான், பால் சொசைட்டியில் ஊற்றிக் குடும்பம் நடத்த அது போதாது. ஜெர்சி கலப்பு பத்து லிட்டர் கறக்கும், ஆனால் பசுந்தீவனம் கேட்கும். அப்புறம் கம்பு நேப்பியர் என்ற ஒட்டுத் தீவனப்புல்லின் நடவுக் கரணை வந்தது. ஒன்றரை மாதத்துக்கு ஓர் அறுப்பு. மழை இல்லாத நாளில் வாரம் ஒரு தண்ணீராவது விட வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், போர்வெல்லோ ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது.

விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மஞ்சளுக்கும் கரும்புக்கும் கிணறு எட்டாமல் போன பிறகுதான் பலர் மாட்டை நம்பினார்கள். இருக்கிற தண்ணீர் அரை ஏக்கர் புல்லுக்குக் காணும். மஞ்சள் பணம் ஆண்டுக்கு ஒரு தடவை, அதுவும் விலை இருந்தால். பால் பணம் பத்து, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பட்டுவாடா ஆகும். மளிகைக் கடை, பள்ளி வேன், குழுத் தவணை எல்லாம் அதில்தான் ஓடுகிறது. பல வீடுகளில் கறப்பதும் ஊற்றுவதும் பெண்கள். பணமும் ஓரளவு அவர்கள் கையில் நிற்கிறது. தண்ணீர்ப் பஞ்சத்துக்கு ஒதுங்கிய இடமே தண்ணீரையும் இழுக்கிறது, சிக்கல் இதுதான்.

டெல்டாவிலிருந்து கொங்குப் பக்கம் வரும் வைக்கோல் லாரியையும் கணக்கில் சேருங்கள். அது காவிரித் தண்ணீரில் விளைந்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அப்படி ஓர் ஆண்டில் அங்கே நெல் காய்ந்தால் இங்கே மாடு சந்தைக்குப் போகும்.

சொசைட்டியில் கொழுப்பை அளக்கிறோம், இதர சத்தை அளக்கிறோம், அதற்குத்தான் விலை. தண்ணீர் எந்த ரசீதிலும் இல்லை. என்னைக் கேட்டால், நேப்பியர் கரணைக்குக் காட்டும் அக்கறையில் பாதியையாவது மானாவாரிச் சோளத்தட்டுக்கும், கொறங்காட்டை மனைக்கு விற்காமல் வைத்திருப்பவருக்கும் காட்டலாம்.