ஊர்க் காற்றைப் பார்த்து ஆண்டுத் திட்டம் போடுவோம்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை வட்டாரத் தமிழ் அங்கன்வாடி, எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆசிரியர்களுக்கான உரையின் எழுத்து வடிவம்)

டீச்சர்மாருக்கும் ஹெல்ப்பர்மாருக்கும் வணக்கம்.

ஆண்டுத் திட்ட நோட்டைத் திறந்தால் ஜூன் மாதத்துக்கு நேரே பெரும்பாலும் ‘மழை’ என்று எழுதியிருக்கும். கொச்சிக்கும் கோழிக்கோட்டுக்கும் அது சரி. அங்கே பள்ளி திறப்பதும் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்குவதும் ஒரே வாரத்தில் நடக்கும். வடகரப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை மூன்றும் மழைமறைவுப் பகுதி. ஜூன், ஜூலையில் நம் வாசலுக்கு வருவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. நமக்கு நின்று பெய்யும் மழை துலா (ஐப்பசி) மாதத்தில்தான். வெளியே புழுதி பறக்கும்போது உள்ளே உட்கார்ந்து குடைக்கு வண்ணம் தீட்டுகிற பிள்ளை, பாடம் வேறு, ஊர் வேறு என்றுதான் கற்றுக்கொள்ளும்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். அந்த மாதத்தில், நம் ஊரில், பிள்ளையின் கை எட்டுகிற தூரத்தில் எது இருக்கிறதோ அதுவே பாடத்தின் கருப்பொருள். சார்ட் பேப்பர் அதற்குப் பிறகு வரட்டும்.

முதலில் வாரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஜூன் முதல் மார்ச் வரை ஏறத்தாழ 43 வாரம். ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறைகளுக்கு மூன்று வாரம் போகும். உள்ளூர்த் திருவிழா, கலெக்டர் விடுமுறை, பஞ்சாயத்துக் கூட்டம், தடுப்பூசி நாள் எல்லாம் சேர்ந்து இன்னும் இரண்டு வாரத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 38. இதில் முதல் மூன்று வாரத்துக்குக் கருப்பொருள் வேண்டாம். அழுகிற பிள்ளை அழுகையை நிறுத்தவும், தன் பையை எங்கே மாட்டுவது, கை எங்கே கழுவுவது, கழிப்பறைக்குப் போக யாரிடம் சொல்வது என்று பழகவும் அந்த மூன்று வாரம் வேண்டும். கடைசியில் ஐந்து வாரத்தைக் காலியாக வையுங்கள். நடுவில் முப்பது வாரம் நிற்கும். ஒரு கருப்பொருளுக்கு மூன்று வாரம் என்றால் பத்துக் கருப்பொருள்.

வாரம் ஒன்று என்று நாற்பது கருப்பொருள் எழுதியிருக்கும் திட்டங்கள் உண்டு. பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை ஒரு பொருளைத் தொட்டுப் பழகவே நாலைந்து நாள் ஆகும். கேள்வி இரண்டாம் வாரத்தில்தான் வரும். அந்தக் கேள்வி பிறக்கிற நேரத்தில் நாம் அடுத்த சார்ட்டை மாட்டிவிடுகிறோம். முதல் வாரம் பார்க்கவும் தொடவும், இரண்டாம் வாரம் செய்யவும், மூன்றாம் வாரம் வீட்டுக்கும் ஊருக்கும் காட்டிச் சொல்லவும் என்று பிரித்துக்கொண்டால் மூன்று வாரமும் கனமாக இருக்கும்.

நம் வட்டாரத்துக்கு நான் போடும் வரிசை இது: காற்று, மாடும் பாலும், பூ, விதை, மழை, மண்ணும் பூச்சியும், வண்டி, தானியமும் கிழங்கும், காய்கறிச் சந்தை, மாமரம். கோடையிலும் நடக்கும் மையங்கள் ஏப்ரலில் நுங்கைச் சேர்த்துக்கொள்ளலாம். மூணாறு எஸ்டேட் பக்கத்தில் இருக்கும் தமிழ் டீச்சர் இதை அப்படியே எடுக்கக் கூடாது. அவருக்கு ஜூனில் மழையும் ஜனவரியில் குளிரும்தான் வரும்.

காற்றையே எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று நாள் எதையும் செய்யச் சொல்லாதீர்கள். ஒரு முழ நீளம், இரண்டு விரல் அகலத்தில் பழைய சேலைத் துணியைக் கிழித்து ஆளுக்கு ஒன்று கொடுத்து வெளியே விடுங்கள். பெரிய துணி ஒன்றை முற்றத்துக் கம்பத்தில் கட்டுங்கள். இந்தப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வருவதால் துணி கோயம்புத்தூர் பக்கம் பறக்கும். பிள்ளைகளையே கை நீட்டிக் காட்டச் சொல்லி, அந்தப் பக்கத்துச் சுவரில் ஓர் அடையாளம் வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் கணவாய்க் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து அடிக்கும். அதே கம்பத்தில் அதே துணியைக் கட்டுங்கள். எதிர்ப் பக்கம் பறக்கும். “ஏன் டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டால், உடனே பதில் சொல்லிவிடாமல், ஜூலையில் எந்தப் பக்கம் பறந்தது என்று திருப்பிக் கேளுங்கள். ஆறு மாதம் முன்னால் பார்த்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது அந்த வயதுக்குப் பெரிய வேலை.

நான்காம் நாள், பறப்பதையும் பறக்காததையும் பிரிக்கும் விளையாட்டு. இருபது பிள்ளைகளுக்கு நான்கு பேர் கொண்ட ஐந்து குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முறம். அதில் கோழி இறகு, இலவம்பஞ்சு, காய்ந்த இலை, கசக்கிய தாள், கசக்காத தாள், சிரட்டை, கல். தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம். முதலில் எது பறக்கும் என்று சொல்லச் சொல்லுங்கள், பிறகு முறத்தால் விசிறச் சொல்லுங்கள். கசக்கிய தாளும் கசக்காத தாளும்தான் இதில் உயிர். ஒரே தாள்தான், ஒன்று பறக்கிறது, ஒன்று உருள்கிறது. இந்த வேலையை வெளியே வைத்தால் விசிறும் முன்பே எல்லாம் போய்விடும். ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் செய்யுங்கள்.

இரண்டாம் வாரம் காற்றாடி. தாள் என்றால் ஒரு சாண் சதுரம். நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி வெட்டி, நடுவில் இரண்டு விரல் இடம் விடுங்கள். ஒன்றுவிட்டு ஒரு முனையை மடித்து நடுவில் சேர்க்க வேண்டும். சுற்றவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் துளைதான். ஈர்க்குச்சி இறுகிப் போகிறபடி துளை சின்னதாக இருந்தால் சுற்றாது. குச்சியைவிடக் கொஞ்சம் பெரிதாகத் துளையிட்டு, முன்னும் பின்னும் ஒரு துண்டு ஸ்ட்ரா மாட்டுங்கள். குண்டூசி எந்த வயதுக்கும் வேண்டாம். பனையோலைக் காற்றாடி இன்னும் நன்றாகச் சுற்றும். மட்டையின் கருக்கு ரம்பம் மாதிரி கையை அறுக்கும் என்பதால், ஓலையை மட்டும் கிழித்து வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்றாம் வாரத்தில், கஞ்சிக்கோட்டுப் பக்கம் போய்வருகிற பெற்றோர் யாராவது இருந்தால், காற்றாலையின் வீடியோவைப் போனில் எடுத்து வரச் சொல்லுங்கள். தன் கையால் காற்றாடி செய்த பிள்ளைக்கு அந்த இறக்கை புரியும். காற்றாலைப் படத்தை முதல் நாளே காட்டினால் அது வெறும் படம்.

பூவை ஓணத்துக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். விடுமுறை தொடங்கிய பிறகு பிள்ளை நம் கையில் இல்லை. ஓணம் ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2024-ல் திருவோணம் செப்டம்பர் 15, 2025-ல் செப்டம்பர் 5. அதனால் திட்ட நோட்டில் இந்தப் பகுதியைப் பென்சிலால் எழுதுங்கள். பண்டிகையையே கருப்பொருளாக வைக்காதீர்கள். பண்டிகையில் பிள்ளை கையாளும் பொருளை வையுங்கள். ஓணத்துக்குப் பூ, பொங்கலுக்குத் தானியம். அப்படி வைத்தால் எந்த வீட்டுப் பிள்ளையும் ஒதுங்கி நிற்காது. பூக்களத்தில் வட்டத்துக்குள் வட்டம், இரண்டு மஞ்சள் ஒரு வெள்ளை, மறுபடி இரண்டு மஞ்சள் ஒரு வெள்ளை என்று வரிசை போடுவது கணிதத்தின் ஆரம்பம். ஒன்று மட்டும் கண்டிப்பு: அரளி வேண்டாம். பூ, இலை, பால் எல்லாமே விஷம். 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்தில் அரளியை நிறுத்தியது. கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் அது வரவே கூடாது. விதைக் கருப்பொருளில் குன்றிமணிக்கும் இதே கட்டளை.

விதைக்கு நம் ஊரில் பனையைவிட நல்ல பொருள் கிடைக்காது. ஆவணியில் பனம்பழம் தானாக விழும். பத்துப் பழம் போதும். பழத்துக்கு இரண்டு மூன்று கொட்டை என்று இருபதுக்கு மேல் வரும், பிள்ளைக்கு ஒன்று. வாசம் பிடித்து, நாரைப் பிசைந்து, கை முழுக்க மஞ்சளாகட்டும். பிறகு மையத்தின் ஓரத்தில் மணலும் செம்மண்ணும் கலந்து இரண்டடி உயரத்துக்கு மேடு போடுங்கள். மேட்டின் மேல் கொட்டைகளை நெருக்கி ஒரே அடுக்காகப் பரப்பி, நான்கு விரல் மண் மூடித் தண்ணீர் தெளியுங்கள். உயரம் ஏன் என்றால், கிழங்கு கீழ்நோக்கி இறங்கும். மேடு தாழ்வாக இருந்தால் கெட்டித் தரையில் முட்டி வளைந்து குட்டையாகிவிடும். மேட்டைச் சுற்றி முள் போடாவிட்டால் காட்டுப்பன்றி தோண்டிவிடும்.

செப்டம்பர் நடுவில் புதைத்தால் பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம். ஏறத்தாழ நான்கு மாதம். பிள்ளைக்கு நான்கு மாதம் என்றால் என்னவென்று தெரியாது. ஒரு கயிற்றைச் சுவரில் தொங்கவிட்டு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு முடிச்சுப் போடுங்கள். அன்று தண்ணீர் தெளிக்கும் முறை யாருடையதோ அவர்தான் முடிச்சும் போட வேண்டும். தோண்டும் நாளில் பதினேழு முடிச்சு இருக்கும். இடையில் மழை, பூச்சி, வண்டி என்று மூன்று கருப்பொருள் வந்து போயிருக்கும், கயிறு மட்டும் தொடர்ந்து வந்திருக்கும். தோண்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். குருத்து வெளியே வந்தபின் கிழங்கு நாராகிவிடும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நடு நரம்பையும் நாரையும் உரித்து, சிறு துண்டாக்கிக் கொடுங்கள். பழைய கொட்டையை ஹெல்ப்பர் பிளந்து உள்ளே இருக்கும் தவுண் என்னும் வெள்ளைச் சதையையும் காட்டட்டும்.

ஒரே அறையில் மூன்று வயதும் ஐந்து வயதும் இருக்கின்றன, ஒரே கருப்பொருளை எப்படி நடத்துவது என்று கேட்பீர்கள். பொருள் ஒன்றே, ஆழம் வேறு. தானிய வாரங்களில் தோலோடு நிலக்கடலை ஒரு படி எடுங்கள். மூன்று வயது அள்ளி ஊற்றி, கிண்ணத்தில் நிரப்பிக் கொட்டும். நான்கு வயது பெரிது, சிறிது என்று பிரிக்கும். ஐந்து வயது, ஒரு பருப்பு, இரண்டு பருப்பு, மூன்று பருப்பு உள்ள காய்களைத் தனித்தனி வரிசையாகத் தரையில் அடுக்கி, எந்த வரிசை நீளம் என்று சொல்லும். அதுதான் வரைபடம், பேப்பர் வேண்டியதில்லை. உரித்த பருப்பைச் சின்னப் பிள்ளைகள் பக்கம் விடாதீர்கள். முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும், மூக்கிலும் காதிலும் போகும். சாப்பிட என்றால் வறுத்துப் பொடித்து, வெல்லம் சேர்த்துக் கொடுங்கள்.

பாலும் சந்தையும் சுலபம். பால் சொசைட்டியில் காலை அளக்கும் நேரத்துக்கு ஐந்து ஐந்து பிள்ளைகளாக அழைத்துப் போங்கள். வேலந்தாவளம் சந்தைக்கு எல்லாரையும் கூட்டிப் போவது ஆபத்து, லாரி நெரிசல். காயை வரவழைத்து வகுப்பிலேயே தராசு தொங்கவிடுங்கள். மாமரத்துக்கு முதலமடைத் தோட்டம் பக்கத்தில்தான் என்று பூப்பருவத்தில் உள்ளே போகவேண்டாம், மருந்து அடிக்கும் காலம். யாராவது வீட்டு முற்றத்து மரத்தைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எல்லாவற்றையும் கருப்பொருளுக்குள் திணிக்கத் தேவையில்லை. காலையில் வட்டமாக உட்கார்ந்து பதினைந்து நிமிடம், பிறகு செயல்பாட்டு மூலைகளில் நாற்பது நிமிடம், அவ்வளவுதான் கருப்பொருளுக்கு. மற்ற நேரம் கட்டைகளோடும் பொம்மையோடும் பிள்ளை தன் இஷ்டத்துக்கு விளையாடட்டும், சாப்பிடட்டும், தூங்கட்டும். கருப்பொருளுக்கு எட்டு முதல் பத்துச் சொல் போதும். அவை பாட்டிலும் கதையிலும் சாப்பாட்டு நேரத்திலும் திரும்பத் திரும்ப வரவேண்டும். நம் ஊரில் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளும் உண்டு. வீட்டுச் சொல்லோடு வரும் பிள்ளையைத் திருத்தாதீர்கள். அந்தச் சொல்லை நாமும் ஒருமுறை சொல்லிவிட்டு, பக்கத்திலேயே தமிழ்ச் சொல்லையும், ஓணத்துக்குப் பிறகு மலையாளச் சொல்லையும் வைத்தால் போதும்.

“எழுத்து எப்போது?” என்று தாய்மார் கேட்பார்கள். 2022 அக்டோபரில் வெளியான அடித்தளப் பருவத்துக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், மூன்று முதல் எட்டு வயது வரையை ஒரே பருவமாக வைத்து, விளையாட்டின் வழியாகக் கற்பிக்கவே சொல்கிறது. ஆனால் சட்டகத்தைக் காட்டி வாயடைக்க வேண்டாம். கடலை உரிக்கிற விரல்தான் பென்சில் பிடிக்கப் போகிறது என்று தாய்மார் கூட்டத்தில் பிள்ளையின் கையையே காட்டி விளக்குங்கள்.

காலியாக விட்ட ஐந்து வாரத்தை என்ன செய்வது? ரயில் பூச்சி ஒன்று வகுப்புக்குள் வந்து, பிள்ளைகள் இரண்டு நாள் அதையே சுற்றினால் அதற்கு ஒரு வாரம் கொடுங்கள். காய்ச்சல் பரவிப் பாதிப் பேர் வராவிட்டால் அதே கருப்பொருளை மறுபடி நடத்துங்கள். மார்ச்சில் ஒரு வாரம், ஐந்து வயதுப் பிள்ளைகளை அடுத்து சேரப்போகும் பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைக்கத் தனியாக வேண்டும்.

மதிப்பீட்டுக்குத் தேர்வு கிடையாது. ஒரு நோட்டு, ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளை, ஆளுக்கு ஒரு வரி. பத்து வேலைநாளில் இருபது பேரும் வந்துவிடுவார்கள். ‘நன்றாகச் செய்தான்’ என்று எழுதினால் அடுத்த மாதம் எதற்கும் உதவாது. ‘கசக்கிய தாள் பறக்கும் என்றான், விசிறிய பிறகு மாற்றிச் சொன்னான்’ என்று எழுதுங்கள். மே மாதத் தாய்மார் கூட்டத்துக்கு முன் அந்த நோட்டைப் புரட்டி, எந்தக் கருப்பொருளில் பிள்ளைகளின் பெயருக்கு நேரே எழுத எதுவும் கிடைக்கவில்லையோ அதை எடுத்துவிட்டு வேறொன்றை வையுங்கள். பழைய சேலை, சிரட்டை, முறம், கயிறு என்ற பட்டியலை அந்தக் கூட்டத்திலேயே கொடுத்துவிட்டால், ஜூன் மூன்றாம் வாரத்துக்குள் எல்லாம் மையத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.